இன்னாசியின் பேஸும் கடலுக்குப் போன ஸ்பீக்கரும்

ஓலைமணல் என்று ஒரு கடற்கரை ஊர். வரைபடத்தில் தேட வேண்டாம். அந்த ஊர்க்காரர்களே வெளியூர் போனால் வழி கேட்டுக் கேட்டுத்தான் திரும்பி வருவார்கள். வழி சொன்னவர் தப்பாகச் சொல்லிவிட்டால் சொன்ன ஊருக்கே போய், அங்கேயே வீடு பிடித்துக் குடியிருந்துவிட்டவர்களும் உண்டு. நல்ல மனிதர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அதற்கு மேல் தாங்களாக ஒன்றும் யோசித்துக் காரியத்தைக் கெடுக்க மாட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

அந்த ஊரில் சமாதான இன்னிசைக் குழு என்று ஒரு பாட்டுக் குழு இருந்தது. தலைவர் வியாகப்பன் கிளாரினெட் ஊதுவார். தொம்மை டிரம் அடிப்பான். சவரிமுத்து ஆர்மோனியம். நாலாவது ஆள் இன்னாசி. அவனுடைய வாத்தியம்தான் இந்தக் கதைக்கே காரணம்.

அதற்கு டபுள் பேஸ் என்று பெயர். வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். முன்னாலே மாதா கோயிலில் இருந்த ஒரு பங்குச்சாமி ஊர் மாறிப் போகும்போது, பஸ்ஸில் ஏற்ற முடியாமல் விட்டுப் போனது. வயலின் என்றால் தோளில் வைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு இன்னாசி முதலில் தோளில்தான் வைத்துப் பார்த்தான். அதில் அவன் கழுத்து கொஞ்ச காலம் ஒரு பக்கமாகவே இருந்தது. அப்புறம் யாரோ வெளியூர்க்காரர், அதைத் தரையில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு விரலால் சுண்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். சுண்டினால் டும் என்று ஒரு சத்தம் வரும். நல்ல சத்தம்தான், ஆனால் வாத்தியத்தின் வயிற்றிலேயே தங்கிவிடும். தொம்மை பக்கத்தில் டிரம்மைப் போட்டு அடிக்கும்போது அந்த டும்மை இன்னாசியைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை.

ஐஸ் கம்பெனி பல்தசாருக்கு ஜெசிந்தா என்று ஒரு மகள். இன்னாசி பேஸை முதுகில் சுமந்துகொண்டு ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம் அவள் வாசலில் நின்று பார்ப்பாள். வாத்தியம் கால் முளைத்துத் தானாக நடந்து போகிறது என்றுதான் முதலில் நினைத்தாளாம். அடியில் ஓர் ஆள் இருப்பது தெரிந்த பிறகு அந்த ஆளையும் பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் பேசி முடிவெடுத்து, இன்னாசி பெண் கேட்கப் போனான்.

பல்தசார் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏல இன்னாசி, வருசக்கணக்கா நீ அந்த பீரோவக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு மேடையில நிக்கத நானும் பாக்குதேன். தொம்மை அடிக்கான், கேக்குது. வியாகப்பன் ஊதுதான், வேண்டாம்னாலும் கேக்குது. நீ மட்டும் அங்க என்னல செய்யுத?"

"வாசிக்கேன் மாமா."

"வாசிக்கியா, அதுக்கு முதுகு சொறிஞ்சு விடுதியா?"

இன்னாசிக்கு முகம் சுண்டிவிட்டது. பல்தசார் விடவில்லை.

"வடக்கூர் பேண்டுல எக்காளம் ஊதுத பையனுக்குக் கேட்டு விட்டிருக்காவ. அவன் வடக்கூர்ல நின்னு ஊதுனா இங்க என் ஐஸுல விரிசல் விழுது. அவன் வாசிக்கான்னா ஒத்துக்கிடலாம். நீயும் திருவிழாக் கச்சேரியில வாசி. உன் சத்தத்த நான் காதால கேக்கணும். நீதான் வாசிக்கன்னு கண்ணால பாக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும். நடந்தா பிள்ள உனக்கு. இல்லன்னா வடக்கூர்க்காரனுக்குத்தான்."

இன்னாசி நேராக ஒத்திகைக் கூடத்துக்கு வந்து, பேஸைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் அழுதது கேட்டது. பேஸ் அப்போதும் கேட்கவில்லை.

குழு கூடி ஆலோசித்தது. மைக் வைத்துவிட வேண்டும் என்று வியாகப்பன் முடிவு சொன்னார். திருவிழாவுக்கு மைக் செட் போட குரூஸ் என்பவர் வந்திருந்தார். ஊருக்குப் புதியவர், பாவம். தெருவெல்லாம் தென்னைமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு மைக்கும், அதன் சத்தத்தைக் கூட்டுகிற மைக் பெட்டியும், ஒரு பெட்டி ஸ்பீக்கரும் வாங்கி வந்தார்கள்.

"மைக்க பேஸு வயித்துக்கிட்ட வைங்கல," என்றார் வியாகப்பன். "ஸ்பீக்கர எங்க வைக்க?"

"பக்கத்துலயே வைப்போம் அண்ணே," என்றான் சவரிமுத்து. "சத்தம் எதுக்கு வீணா அலையணும்?"

நியாயமான பேச்சு. ஸ்பீக்கரைப் பேஸுக்கு நேர் எதிரே, மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி வைத்தார்கள். இன்னாசி ஒரு கம்பியைச் சுண்டினான். டும் என்றது. அப்புறம் அந்த டும் நிற்காமல் நீண்டு, வளர்ந்து, ஊஊஊ என்று ஊளையிட ஆரம்பித்தது. ஜன்னல் அதிர்ந்தது. வெளியே படுத்திருந்த நாய் எழுந்து தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இன்னாசி பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஊளை நின்றது.

"உள்ள யாரோ இருக்கான்," என்றான் தொம்மை.

பேஸின் முன்பக்கத்தில் சத்தம் வெளியே வருவதற்காக வளைவாக இரண்டு ஓட்டைகள் உண்டு. வியாகப்பன் ஒரு ஓட்டையில் வாயை வைத்து, "யாருல உள்ள?" என்று அதட்டினார்.

பக்கத்தில்தான் மைக் இருக்கிறதே. ஸ்பீக்கர் அவரைவிடப் பெரிய குரலில், "யாருல உள்ள?" என்று கேட்டது.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்மளயில்லா கேக்கான்," என்றான் சவரிமுத்து.

"கேக்கதுலயும் நியாயம் இருக்கு," என்றார் வியாகப்பன். "அவன் உள்ள இருக்கானா, நம்ம உள்ள இருக்கமா? முதல்ல அதத் தெரிஞ்சிக்கிடணும். ஏல தொம்மை, வெளிய போயி ஜன்னல் வழியாப் பாரு."

தொம்மை வெளியே போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "அண்ணே, நீங்க மூணு பேரும் உள்ளதான் இருக்கிய! நான் மட்டும் இல்ல!"

"அப்ப நம்மதான் உள்ள. பொய் சொல்லக் கூடாது," என்று வியாகப்பன் ஓட்டையில் வாயை வைத்து, "நாங்கதான்!" என்றார்.

"நாங்கதான்!" என்றது ஸ்பீக்கர்.

"பாத்தியளா, அவங்களும் நிறையப் பேரு," என்றான் சவரிமுத்து. ஒத்திகை அத்துடன் கலைந்தது.

மறுநாள் குரூஸைத் தேடிப் போனார்கள். அவர் தென்னைமரத்து உச்சியில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மேலேயிருந்தே விளக்கினார்.

"பேயுமில்ல பிசாசுமில்ல. பேஸுச் சத்தம் மைக்குல போயி ஸ்பீக்கர்ல வருது. ஸ்பீக்கர்ல வந்த சத்தம் மறுபடி பேஸுல போயி மோதுது. அதோட வயிறு பெரிசுல்லா, அதிருது. அந்த அதிர்வு மறுபடி மைக்குல போவுது. இப்படியே சுத்திச் சுத்தி வந்தா ஊளைதான் வரும். பேஸு முகத்த ஸ்பீக்கரு முகம் பாக்கக் கூடாது. அம்புட்டுதான்."

கூடத்துக்கு வந்ததும் கேள்வி எழுந்தது. பேஸுக்கு முகம் எது?

"மேல சுருண்டு இருக்கே, அதான் தல. தல இருக்க இடத்துலதான முகம் இருக்கும்," என்றான் தொம்மை. வியாகப்பன் தன் துண்டை அவிழ்த்து பேஸின் தலையைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினார். ஸ்பீக்கருக்கு எது முகம் என்று தெரியாததால் அதற்கு முழுசாக ஒரு போர்வை போர்த்தினார்கள். பார்க்க இரண்டும் காய்ச்சல்காரர்கள் மாதிரி இருந்தன. இருந்த இடத்தை விட்டு மட்டும் அசையவில்லை.

இன்னாசி சுண்டினான். ஊஊஊ.

"போர்வைக்குள்ளயிருந்து பாக்குது போலிருக்கு," என்றான் சவரிமுத்து.

மறுபடியும் தென்னைமரம். இந்த முறை வேறு மரம். குரூஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இறுக்கினார். "ஸ்பீக்கரத் திருப்பி வைக்கச் சொன்னா துண்டு கட்டிட்டா வந்திருக்கிய? சரி, ஓட்டை இருக்கும்லா, அதத் துணி வச்சு அடைங்க. உள்ள போற சத்தம் கொறையும். ஓட்டைய எல்லாம் அடைச்சாச்சுன்னா பாதி ஊளை அடங்கிரும்."

இது நல்ல யோசனை. உண்மையிலேயே நல்ல யோசனை. இன்னாசியின் பழைய பனியனைச் சுருட்டி பேஸின் இரண்டு ஓட்டையிலும் திணித்தார்கள். சுண்டினான். ஊளை வந்தது, ஆனால் முன்பு மாதிரி இல்லை, அடிபட்ட நாய் மாதிரி முனகிவிட்டு நின்றது. இன்னாசிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. சாதாரண ஊராக இருந்திருந்தால் கதை இங்கே முடிந்து கல்யாணச் சாப்பாடு போட்டிருப்பார்கள்.

வியாகப்பன் கையைத் தூக்கினார். "நில்லுங்கல. குரூஸு என்ன சொன்னாரு? ஓட்டைய எல்லாம் அடைக்கச் சொன்னாரு. ரெண்டு ஓட்டைய அடைச்சதுக்கே இம்புட்டு கொறைஞ்சிருக்கே, மிச்சத்தையும் அடைச்சா?"

கூடத்தின் சாவித் துவாரத்தை அடைத்தார்கள். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளுக்குச் சோற்றுப் பருக்கை வைத்தார்கள். தொம்மை தன் டிரம்மில் காற்றுப் போகிற ஓட்டைக்குப் பிளாஸ்திரி ஒட்டினான். சவரிமுத்து ஆர்மோனியத்தைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே கண்ட ஓட்டையெல்லாம் மெழுகு ஊற்றினான். வியாகப்பன் தலைவர் என்பதால் தானே முன்மாதிரியாக, தன் கிளாரினெட்டின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்திரி போட்டு அடைத்தார். ஊதுகிற வாயையும் விடவில்லை. பிறகு காது இருப்பது ஞாபகம் வந்து எல்லாரும் பஞ்சு வைத்துக்கொண்டார்கள்.

ஒத்திகை நடந்தது. வியாகப்பன் கண் பிதுங்க ஊதினார். சவரிமுத்து கட்டைகளை அழுத்தினான். ஊளை என்ன, ஒரு சத்தமும் இல்லை.

"அருமை!" என்று வியாகப்பன் கத்தினார். அது யாருக்கும் கேட்கவில்லை.

இன்னாசிதான் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டான். "அண்ணே, ஊளை இல்ல, சரி. ஆனா பாட்டும் இல்லயே. மாமாவுக்கு எப்படிக் கேக்கும்?"

இதை அவர்கள் யோசிக்கவில்லை. எல்லா ஓட்டையையும் திறந்தார்கள். பேஸின் ஓட்டையை மட்டும் அடைத்தே வைக்கலாமே என்று இன்னாசி கெஞ்சினான். ஒரு வாத்தியத்துக்கு ஒரு நீதி, இன்னொன்றுக்கு ஒரு நீதி என்று சமாதான இன்னிசைக் குழுவில் கிடையாது என்று வியாகப்பன் சொல்லிவிட்டார். பனியன் வெளியே வந்தது.

மூன்றாவது யோசனையாகக் குரூஸ், மைக் பெட்டியின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, அதைத் தலைகீழாகத் தட்டிவிட்டால் சத்தம் மாறி வந்து ஊளை அடங்கும் என்றார். வந்து பார்த்தால் சுவிட்ச் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தொம்மை அழுத்தினான், சவரிமுத்து அழுத்தினான், அசையவில்லை.

வியாகப்பன் நெற்றியைத் தடவி யோசித்தார். "சுவிட்சு தலைகீழாகணும். அது மாட்டேங்குது. அத விட்டுருவோம். அது அப்படியே இருக்கட்டும், மத்ததெல்லாம் தலைகீழானா கணக்கு ஒண்ணுதான?"

இப்படி ஒரு மூளை நமக்கெல்லாம் வராது. பேஸைத் தலைகீழாக நிறுத்தினார்கள். ஸ்பீக்கரைக் கவிழ்த்தார்கள். நாற்காலிகளைக் கவிழ்த்தார்கள். கடைசியில் இன்னாசியைக் காலைப் பிடித்துத் தூக்கி, தலைகீழாகத் தொங்கவிட்டு, சுண்டு என்றார்கள். அவன் சட்டைப் பையிலிருந்த பீடியும் தீப்பெட்டியும் ஜெசிந்தா கொடுத்த மாதா படமும் தரையில் விழுந்தன. சுண்டினான். ஊஊஊ. அப்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா தலையில் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் கடைசியாகத் தென்னைமரத்தடிக்குப் போனார்கள். குரூஸ் இவர்களைத் தூரத்தில் கண்டதுமே இன்னும் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டார்.

"ஸ்பீக்கர தள்ளி வைங்கலே!" என்று உச்சியிலிருந்து கத்தினார். "பேஸ விட்டுத் தள்ளி வைங்க! எம்புட்டுத் தூரம் தள்ளி வைக்கியளோ அம்புட்டுக்கு நல்லது! போங்க!"

இது எல்லாருக்கும் நன்றாகப் புரிந்தது. ஸ்பீக்கரைத் தூக்கிக் கூடத்தின் அந்தக் கோடியில் வைத்தார்கள். ஊளை பாதியாகக் குறைந்தது. வாசலில் வைத்தார்கள். இன்னும் குறைந்தது. வயரை நீட்டி நீட்டிக் கடற்கரை மணலில் கொண்டுபோய் வைத்தார்கள். ஊளை அடியோடு நின்றது. இன்னாசி கூடத்தில் சுண்ட, மணலில் பேஸ் டும் டும் என்று கம்பீரமாகப் பேசியது. மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

இன்னாசி ஓடி வந்து வியாகப்பன் காலில் விழப்போனான். "போதும் அண்ணே, இங்கயே இருக்கட்டும்."

"குரூஸு அண்ணே மணலோட நிப்பாட்டச் சொன்னாரா?" என்று தொம்மை கேட்டான்.

"சொல்லலயே," என்றார் வியாகப்பன்.

"எம்புட்டுத் தூரமோ அம்புட்டுக்கு நல்லதுன்னாரு. இது நல்லதுன்னா, அதோ அது இன்னும் நல்லதுதான?" என்று தொம்மை கடலைக் காட்டினான்.

சவரிமுத்துவின் அண்ணன் வள்ளத்தில் ஸ்பீக்கரை ஏற்றினார்கள். தெருக் குழாய்களுக்காகக் குரூஸ் வைத்திருந்த வயர் சுருள்களையெல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டி, வள்ளத்தை உள்ளே தள்ளினார்கள். அலை உடைகிற இடம் தாண்டி, வயர் தீர்ந்த இடத்தில் நங்கூரம் போட்டார்கள். வயர் தீராமல் இருந்திருந்தால் எங்கே போய் நின்றிருப்பார்களோ, இலங்கைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் கடலைப் பார்த்த கோயில் முன்னால் மேடை. பேஸையும் மைக்கையும் அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் பல்தசார் தன் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் ஜெசிந்தா, கை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. ஊளை இல்லை. தொம்மை அடித்தான், கேட்டது. வியாகப்பன் ஊதினார், கேட்டது. இன்னாசி உயிரைக் கொடுத்துச் சுண்டினான். கடலுக்குள் மீன்களெல்லாம் ஆனந்தமாகக் கேட்டிருக்கும்.

பாட்டு முடிந்ததும் பல்தசார் எழுந்தார். "பாத்தேன். கேக்கல. முடிஞ்சது. வடக்கூர்க்காரனுக்குச் சொல்லி அனுப்புதேன்."

இன்னாசி பேஸோடு சேர்ந்து சாய்ந்தான். வியாகப்பன் ஓடிவந்து பல்தசாரை மறித்தார்.

"மாமா, அவன்மேல குத்தம் இல்ல. கேக்குத இடத்துல நீங்க உக்காரல."

"என்னல சொல்லுத?"

"சத்தம் கடலுக்குள்ள இருக்கு. நீங்க இங்க உக்காந்துக்கிட்டு கேக்கல கேக்கலன்னா எப்படி? பந்தி ஒரு இடத்துல நடக்கும்போது வேற இடத்துல போயி இலையப் போட்டுட்டு சோறு வரலன்னா நியாயமா?"

பல்தசார் யோசித்தார். அவரும் ஓலைமணல்காரர்தான். "அது சரிதான்," என்றார்.

நாற்காலியோடு தூக்கிக் கட்டுமரத்தில் வைத்து, தொம்மை அவரை வள்ளத்துக்குக் கொண்டுபோனான். ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தான். கரையில் இன்னாசி சுண்டினான். டும், டும், டும். பல்தசாரின் நெஞ்சுக்குள்ளேயே வந்து தட்டியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எலேய், கேக்குது! என்ன மாதிரி சத்தம்ல இது! ஆனா வாசிக்கது யாரு?"

"இன்னாசிதான் மாமா."

"அவன் எங்க? அங்க வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. கேக்கவும் வேணும் பாக்கவும் வேணும்னுதான பேச்சு? போயி அவன வரச் சொல்லு."

தொம்மை போய்ச் சொன்னான். இன்னாசி பேஸை மேடையில் சாய்த்துவைத்துவிட்டு, கட்டுமரத்தில் ஏறி வள்ளத்துக்கு வந்தான்.

"நான்தான் மாமா வாசிச்சேன்."

"உன்னப் பாக்குதேன். ஆனா சத்தத்தக் காணுமே."

"நான் இங்கயில்லா இருக்கேன் மாமா."

"அப்ப போயி வாசி."

இன்னாசி போய் வாசித்தான். பல்தசாருக்குக் கேட்டது, ஆள் தெரியவில்லை. கூப்பிட்டார். இன்னாசி வந்தான். ஆள் தெரிந்தது, சத்தம் இல்லை. அனுப்பினார். இன்னாசி போனான். இப்படியே போவதும் வருவதுமாக இருந்தான். ஈர வேட்டியோடு மேடைக்கும் கடலுக்கும் அவன் ஓடுவது கச்சேரியில் ஒரு பகுதி என்று நினைத்து ஜனங்கள் ஒவ்வொரு தடவையும் கை தட்டினார்கள்.

மேடையில் அவசர ஆலோசனை நடந்தது.

"இன்னாசி இங்கயும் வேணும், அங்கயும் வேணும்," என்றார் வியாகப்பன். "அவன ரெண்டாப் பிரிக்க வழி இருக்கா?"

"இருக்கு அண்ணே," என்றான் சவரிமுத்து. "ஆனா எந்தப் பாதிக்குக் கல்யாணம்?"

அது பெரிய குழப்பத்தில் கொண்டுவிடும் என்று கைவிட்டார்கள். அதற்குள் தன் வயரெல்லாம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டு குரூஸ் வந்து சேர்ந்தார். கடலைப் பார்த்தார்.

"ஸ்பீக்கரக் கரைக்குக் கொண்டாங்கப்பா. மணல்ல வச்சாலே போதும்," என்றார், அழாத குறையாக.

வியாகப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தூரம் போகப் போக நல்லதுன்னு நீருதான சொன்னீரு? ஒரே மனுசன் ரெண்டு பேச்சு பேசலாமாவே?"

குரூஸ் பக்கத்துத் தென்னைமரத்தில் ஏறிவிட்டார். மேலே கட்ட வேண்டிய குழாய் எதுவும் பாக்கி இல்லை. சும்மாதான் ஏறினார்.

கடலில் இன்னாசிக்கு மூச்சு வாங்கியது. அவன் வள்ளத்தில் உட்கார்ந்து, "மாமா, இனிமே முடியாது. கடைசியாக் கேக்கேன். நான்தான் வாசிச்சேன். நம்புங்க," என்று கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. பல்தசாருக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் வாக்கு வாக்குதான். "ஆளப் பாக்குதேன், சத்தம் இல்லயே மக்கா," என்றார்.

கரையில் இந்த ஓட்டத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். விறுவிறுவென்று மேடையில் ஏறினாள். சாய்ந்துகிடந்த பேஸை நிமிர்த்தி, கட்டிப்பிடித்து, இருந்த கோபத்தையெல்லாம் விரலில் வைத்துக் கம்பியைச் சுண்டினாள்.

டும்!

வள்ளத்தில் பல்தசார் துள்ளி எழுந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். இன்னாசியைப் பார்த்தார்.

டும், டும், டும், டும்!

"ஏல, உன் கை எங்க இருக்கு?"

"மடியில மாமா."

"சத்தம் வருதே!"

"வருது மாமா."

"தொடாமலே வாசிக்கியால?"

இன்னாசி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "எனக்கே இப்பத்தான் மாமா தெரியும்," என்றான்.

பல்தசார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "வடக்கூர்க்காரன் கன்னம் உப்ப, கண்ணு பிதுங்க ஊதினாத்தான் சத்தம். நீ கைய மடியில வச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டே இந்தப் போடு போடுத! காதாலயும் கேட்டாச்சு, கண்ணாலயும் பாத்தாச்சு. பிள்ள உனக்குத்தாம்ல!"

கல்யாணம் நன்றாக நடந்தது. குரூஸையும் மரத்திலிருந்து இறக்கிக் கூட்டிவந்து சாப்பாடு போட்டார்கள்.

அதற்குப் பிறகு சமாதான இன்னிசைக் குழுவின் கச்சேரியில் ஊளைச் சத்தம் என்பதே கிடையாது. மேடையில் பேஸும் ஜெசிந்தாவும். கடலுக்குள் வள்ளத்தில் ஸ்பீக்கரும், அதற்கு ஒரு பக்கம் மாமனாரும், மறுபக்கம் கையை மடியில் வைத்துக்கொண்டு மருமகனும். பல்தசார் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்பார். நடுவில் ஒரு தடவை, "அந்த இடத்துல கொஞ்சம் அழுத்திச் சுண்டு மாப்ள," என்பார். "சரி மாமா," என்பான் இன்னாசி. அடுத்த முறை அந்த இடம் வரும்போது ஜெசிந்தாவுக்கு அது எப்படியோ அழுத்தமாகத்தான் விழும். பல்தசாருக்குப் பெருமை பிடிபடாது.

கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் இன்னாசி தரையில் சாய்ந்து இரண்டு கையையும் நீட்டுவான்.

"விரலெல்லாம் வலிக்குது ஜெசிந்தா. இன்னைக்கு ரொம்ப வாசிச்சிட்டேன்."

ஜெசிந்தா தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, கொப்புளம் கண்ட தன் விரல்களுக்குத் தடவிக்கொண்டு, மிச்சத்தை அவன் விரல்களுக்குத் தேய்த்துவிடுவாள். "இனிமே கொஞ்சம் மெதுவா வாசிங்க," என்பாள்.